நியூமன் கண்ட சர்வகலாசாலை

கத்தோலிக்க சர்வகலாசாலை என்பது மாணவரின் விசுவாசத்தைக் காக்கும் மதிலா, அறிவு தேடுவோர்க்குத் திறந்த வாயிலா? 1852ஆம் ஆண்டிலே டப்ளின் நகரிற் சொற்பொழிவாற்றிய ஜோன் ஹென்றி நியூமன் இவ்வினாவை எதிர்கொண்டார். தேவசாத்திரத்தை விலக்கிய கல்வி குறைபட்டதே என்பது அவர் வாதம். எனினும் சர்வகலாசாலையைக் குருமடமாக்க அவர் ஒருப்படவில்லை. உலகிற் புகவிருக்கும் இளைஞனுக்கு உலக இலக்கியத்தை மறைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

1854இல் அயர்லாந்தின் கத்தோலிக்க சர்வகலாசாலை திறக்கப்பட்டது. அதன் முதலதிபரான நியூமன், குருக்களல்லாதாரும் நிருவாகத்திற் பங்குபெற விழைந்தார். அதிமேற்றிராணியார் கலன் இசைந்தாரல்லர். அரசோ பட்டமளிக்கும் உரிமையை வழங்கவில்லை. சட்டம் ஏற்காத பட்டத்துக்குப் பணஞ் செலவிடத் தயங்கிய பெற்றோரைக் குறைகூறலாமோ? 1858இல் நியூமன் பதவி துறந்தார்.

1855இல் செசிலியா வீதியில் ஆரம்பித்த வைத்தியக் கல்லூரி மட்டும் தழைத்தோங்கியது. வைத்தியராகும் உரிமையளிக்கும் சபைகள் அதன் பயிற்சியை ஏற்றுக்கொண்டமையே காரணம். புரொட்டஸ்தாந்தரே பெரும்பாலும் கோலோச்சிய அத்துறையிற் கத்தோலிக்க இளைஞர்க்கு வழி பிறந்தது.

1908ஆம் ஆண்டுச் சட்டத்தால் அயர்லாந்தின் தேசிய சர்வகலாசாலை எழுந்தபோது, அவ்வைத்தியக் கல்லூரியும் அதனுள் அடங்கிற்று. பட்டமளிக்கும் உரிமையும் ஒருவாறு கைகூடிற்று. ஆனால், தேவசாத்திரம் போதிக்கப் பொதுப்பணத்தைச் செலவிடலாகாதென அதே சட்டம் விதித்திருந்தது.