எடை சொல்லும் ஆயுள்

சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில் அண்மை ஆண்டுகளாக ஒரு மாற்றத்தைக் காண முடிகிறது. சேலையூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், குரோம்பேட்டை எனப் பல இடங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாயிலில் 'வீட்டில் செய்த கேக் கிடைக்கும்' என்ற சிறிய அறிவிப்புகள் தென்படுகின்றன. குக்கரின் அடியில் மணலோ உப்போ பரப்பி, அதன்மேல் கிண்ணத்தை வைத்துக் கேக் செய்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அடுத்த தலைமுறையின் சமையலறை மேடையில் மின்சார ஓவன் இடம்பிடித்துவிட்டது.

ஓவன் வாங்கும்போது பலரிடம் விசாரிக்கிறோம். உத்தரவாத அட்டையைப் பத்திரப்படுத்துகிறோம். அதனுள் வைக்கும் தட்டை மட்டும் போகிறபோக்கில் வாங்கிவிடுகிறோம். ஆனால், மாவு நேரடியாகத் தொடுவது தட்டைத்தான். கேக்கின் அடி கருகுவதும், ஒரு பக்கம் வேகாமல் நிற்பதும் பல நேரங்களில் தட்டின் குணத்தைப் பொறுத்தவை. வீட்டிலிருந்தபடி கேக் விற்று வருமானம் ஈட்டும் பெண்ணுக்கு அந்தத் தட்டு வெறும் பாத்திரம் அன்று. அவருடைய தொழிலின் மூலதனப் பொருள்.

தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் கடைகளில் விசாரித்தாலும், இணையத்தில் தேடினாலும், நம் முன் விரிபவை பெரும்பாலும் ஒரே மாதிரித் தோன்றும் கறுப்புத் தட்டுகள். விலையில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேறுபாடு இருக்கும். எது இரண்டு ஆண்டு உழைக்கும், எது இருபது ஆண்டு உழைக்கும் என்பது கண்ணுக்குத் தெரியாது. பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு இது சமையலறைச் சிக்கலாக மட்டும் தோன்றவில்லை. ஒரு சந்தைச் சிக்கலாகவும் தோன்றுகிறது.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்களின் சந்தையைப் பற்றியது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் ஒரு சராசரி விலையையே தர முன்வருவார். அந்த விலை நல்ல காரின் உரிமையாளருக்குக் கட்டுப்படியாகாது, அவர் விலகிக்கொள்வார். முடிவில் சந்தையில் மோசமான கார்களே மிஞ்சும். இந்த ஆய்வின் அடிப்படையில் 2001-ஆம் ஆண்டு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆயுள் தெரியாத பொருள்கள் விற்கப்படும் எந்தக் கடைக்கும் இந்த வாதம் பொருந்தும். தடித்த தகட்டில் செய்பவர், மெல்லிய தகட்டில் செய்து பளபளப்பாகப் பூச்சிட்டவரோடு விலையில் போட்டியிட முடியாது.

நம் பாத்திரக் கடைகள் இந்தச் சிக்கலுக்கு நெடுங்காலமாக ஓர் எளிய தீர்வை வைத்திருந்தன: தராசு. பித்தளை, அலுமினியம், எவர்சில்வர் ஆகியவற்றை எடை பார்த்து வாங்குவதே வழக்கம். இன்றும் பல கடைகளில் அந்த வழக்கம் உண்டு. தகடு மெலிந்தால் எடை குறையும்; எடை குறைந்தால் விலையும் குறையும். கடைக்காரர் ஏமாற்ற நினைத்தாலும் தராசு காட்டிக்கொடுத்துவிடும். பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதியதை வாங்கும்போதும் அதே தராசுதான். எண்ணிக்கைக் கணக்கில், அட்டைப் பெட்டிக்குள் வைத்து விற்கத் தொடங்கியபோது அந்தத் தகவல் நம் கையைவிட்டுப் போயிற்று.

அதை மீட்பது கடினமன்று. வீட்டில் பலரும் பயன்படுத்தும் 30 செ.மீ. நீளம், 23 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் கொண்ட தட்டை எடுத்துக்கொள்வோம். அடிப்பரப்பும் நான்கு சுவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 1,220 சதுர செ.மீ. வரும். ஒரு கன செ.மீ. அலுமினியத்தின் எடை 2.7 கிராம். எனவே, 1 மி.மீ. தடிமனுள்ள அலுமினியத் தட்டு சுமார் 330 கிராம் இருக்க வேண்டும். விளிம்பு மடிப்புக்கு இன்னும் சிறிது கூடலாம். அது 165 கிராம்தான் என்றால் தடிமன் அரை மி.மீ. மட்டுமே. இரும்புத் தகட்டுக்கு ஒரு கன செ.மீ. எடை 7.85 கிராம். அதே அளவுத் தட்டு 0.4 மி.மீ. தகட்டில் சுமார் 380 கிராமும், 0.6 மி.மீ. தகட்டில் சுமார் 575 கிராமும் இருக்கும். இணையக் கடைகளில் பல பொருள்களுக்கு எடை குறிப்பிடப்படுகிறது. அளவும் எடையும் தெரிந்தால் தடிமனை வீட்டிலேயே கணக்கிட்டுவிடலாம். பாத்திரக் கடைக்காரரிடம் 'கேஜ்' என்று கேட்டாலும் புரிந்துகொள்வார். கேஜ் எண் கூடினால் தகடு மெல்லியது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: 18 கேஜ் என்பது சுமார் 1.2 மி.மீ.; 22 கேஜ் என்பது சுமார் 0.7 மி.மீ.

தடிமனுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? உலோகம் சூட்டில் விரியும். ஒரு பகுதி முன்னதாகவும் மற்றொரு பகுதி பின்னதாகவும் சூடேறும்போது, மெல்லிய தகடு அந்த இழுவிசையைத் தாங்காமல் முறுக்கிக்கொள்ளும். ஓவனுக்குள்ளிருந்து சில வேளை 'டப்' என்று கேட்கும் ஓசை அதுதான். நாளடைவில் அடி நெளிந்து, மாவு ஒரு பக்கம் சரியும். விளிம்பைச் சுருட்டி உள்ளே கம்பி வைத்த தட்டுகள் இதை எளிதில் தாங்கும். வாங்குமுன் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெல்லத் திருகிப் பாருங்கள். கையோடு வளைந்து கொடுக்கும் தட்டு 200 டிகிரி செல்சியஸில் நிமிர்ந்து நிற்காது. தடித்த தட்டு மின்சாரத்தை விழுங்கும் என்ற அச்சமும் வேண்டாம். 400 கிராம் அலுமினியத்தை 30 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்குச் சூடாக்க, ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்கு மின்சாரம்கூடத் தேவைப்படாது.

அடுத்தது உலோகம். எவர்சில்வர் நம் வீடுகளின் செல்லப்பிள்ளை. துருவை எதிர்க்கும், புளிப்புக்கு அஞ்சாது. ஆனால், வெப்பத்தைக் கடத்துவதில் அது மிகவும் மந்தம். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்தும். கேக்கும் பிஸ்கட்டும் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வேக வேண்டுமானால் பூச்சில்லாத தடித்த அலுமினியமே நல்ல தேர்வு என்பது என் கருத்து. அதற்கும் குறைகள் உண்டு. எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்புப் பொருள்கள் அலுமினியத்தை அரிக்கும்; காரம் மிகுந்த பாத்திரத் தூள் அதைக் கறுக்கச் செய்யும். மாவுக்கும் தட்டுக்கும் இடையே பட்டர் பேப்பர் விரிப்பது முதல் குறைக்கு எளிய மருந்து. ஒட்டாமல் எடுக்கவும் அதுவே போதும். கண்ணாடித் தட்டு மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும். திடீர் வெப்ப மாற்றம் அதற்கு ஆகாது. கறுப்புத் தட்டுகள் ஓவனின் வெப்பக் கதிர்களைக் கூடுதலாக உள்வாங்குவதால் அடி விரைவில் சிவக்கும். அவற்றில் வேகவைப்போர் ஓவனின் சூட்டைப் பத்துப் பதினைந்து டிகிரி குறைத்து வைப்பது நல்லது.

இனி, பூச்சுக்கு வருவோம். ஒட்டாத பூச்சின் அடிப்படைப் பொருளான பி.டி.எஃப்.இ.யை அமெரிக்க வேதியியலாளர் ராய் பிளங்கெட் 1938-இல் தற்செயலாகக் கண்டறிந்தார். அது சுமார் 260 டிகிரி வரை உறுதியாக இருக்கும். அதற்குமேல் வெப்பம் கூடக் கூடச் சிதையத் தொடங்கும். வீட்டு ஓவனில் 180 டிகிரியில் கேக் வேகவைப்பவர் அச்சப்பட வேண்டியதில்லை. காலித் தட்டை நேரடியாக அடுப்புத் தீயில் காய வைப்பதுதான் ஆபத்து. இப்பூச்சுகளின் தயாரிப்பில் முன்னர் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருள் உடல்நலக் கேடு காரணமாக 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்ற வாசகம் பெட்டியில் காணப்படுவதன் பின்னணி இதுவே. அந்த வாசகம் பூச்சு எத்தனை நாள் நீடிக்கும் என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

பூச்சு என்பது நமக்குப் புதியதன்று. பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் ஈயம் பூசிப் பயன்படுத்தியவர்கள் நாம். பூச்சு தேய்ந்ததும் தெருவில் வரும் ஈயம் பூசுபவரை அழைப்பார்கள். சற்று நேரத்தில் பாத்திரம் புதிதாகிவிடும். அங்கே பாத்திரம் நிலையானது, பூச்சு புதுப்பிக்கத்தக்கது. இன்றைய கறுப்புத் தட்டில் பூச்சைப் புதுப்பிக்க வழியில்லை. பூச்சு உரிந்த அன்றே, எவ்வளவு உறுதியான தகடாக இருந்தாலும், தட்டின் ஆயுள் முடிந்துவிடுகிறது. ஒரு பொருளின் ஆயுள் அதன் மிகப் பலவீனமான உறுப்பின் ஆயுளே. பூச்சு உரிந்த இடத்தில் கடற்காற்றின் ஈரமும் துடைக்காமல் விட்ட தண்ணீரும் சேர்ந்தால் துரு விரைவில் ஏறும். கழுவிய தட்டை அணைத்த ஓவனின் மிச்சச் சூட்டில் சில நிமிடம் வைத்து உலர்த்துவது செலவில்லாத பாதுகாப்பு.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய் வரலாம். பழைய பொருள்களுக்குப் பெயர்பெற்ற அந்தச் சந்தையில் கனத்த இரும்புக் கல்லும் பித்தளை அண்டாவும் கைமாறும். பூச்சு உரிந்த தட்டை அங்கே விலைபேசி வாங்குவோர் யார்? பழைய இரும்புக் கடையிலும் அலுமினியத்துக்குக் கிடைக்கும் மதிப்பு மெல்லிய தகரத்துக்குக் கிடைக்காது. மறுவிற்பனை மதிப்பும் ஆயுளின் ஓர் அளவுகோலே.

அப்படியானால் எல்லோரும் விலை உயர்ந்த தட்டையே வாங்க வேண்டுமா? இல்லை. ஒரு கணக்கு போடுவோம். 300 ரூபாய்த் தட்டு 100 முறை உழைக்கும், 900 ரூபாய்த் தட்டு 750 முறை உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஒரு பயன்பாட்டின் செலவு 3 ரூபாய். இரண்டாவதில் 1 ரூபாய் 20 காசு. வாரம் ஒருமுறை வேகவைக்கும் வீட்டுக்குக் கனத்த தட்டு 15 ஆண்டுகள் வரும். அதே காலத்தில் இரண்டாண்டுக்கு ஒன்றாக எட்டு மலிவுத் தட்டுகள் வாங்க நேரும். 7 விழுக்காடு வட்டியைக் கழித்துக் கணக்கிட்டாலும் அவற்றின் இன்றைய மதிப்பு 1,560 ரூபாயைத் தாண்டும். ஆனால், பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் என ஆண்டுக்கு நான்கே முறை வேகவைப்பவருக்கு, உலர்வாகப் பாதுகாத்தால், மலிவுத் தட்டே பல்லாண்டு போதும். மீதி 600 ரூபாயை வங்கியில் போடுவதே அவருக்கு லாபம். நாள்தோறும் ஆர்டர் எடுப்பவருக்கோ அந்த 100 முறை மூன்று நான்கு மாதங்களில் தீர்ந்துவிடும். நீடித்த உழைப்பு தன்னளவில் ஓர் அறம் அன்று. பயன்படுத்தும் அளவுக்கு ஏற்ப விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு பண்பு.

சிக்கல் என்னவென்றால், கனத்த தட்டால் அதிகம் பயனடையக்கூடியவர் பெரும்பாலும் கையில் குறைந்த முதலோடு தொழிலைத் தொடங்குபவர். முதல் மாதம் 900 ரூபாய் எடுத்துவைக்க முடியாததால் அவர் 300 ரூபாய்த் தட்டை மீண்டும் மீண்டும் வாங்குகிறார். சுய உதவிக் குழுக்களின் சிறுகடன் ஓவனுக்குத் தரப்படும்போது, தட்டுகளுக்கும் சேர்த்துத் தரப்பட்டால் அந்தக் கடன் விரைவில் திரும்பும்.

அரசின் பங்கும் உண்டு. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச் மாதம் பிறப்பித்தது. வரவேற்க வேண்டிய நடவடிக்கை. முத்திரை உலோகத்தின் தரத்துக்குச் சான்றளிக்கும். ஆனால், இந்தத் தட்டு அந்தத் தட்டைவிடக் கனமானதா என்பதை ஒப்பிட்டுச் சொல்லாது. பெட்டியின் மேல் விலையும் தயாரித்த மாதமும் அச்சிடப்படுவதுபோல, தகட்டின் தடிமன், தட்டின் எடை, உலோகத்தின் பெயர், பூச்சின் வகை ஆகிய நான்கையும் அச்சிட வேண்டும் என்று விதித்தால் தயாரிப்பாளருக்கு ஆகும் செலவு சில துளி மை. நேர்மையான தயாரிப்பாளருக்கு அதுவே விளம்பரமாகவும் அமையும்.

அந்த விதி வரும்வரை நம் கையில் இருப்பவை மூன்று. ஓவனின் உள்ளளவை எடுத்து, சூடான காற்று சுற்றிவரப் பக்கத்துக்கு இரண்டு செ.மீ.யாவது இடம் விடும் தட்டைத் தேர்ந்தெடுப்பது முதலாவது. ஆண்டுக்கு எத்தனை முறை வேகவைக்கிறோம் என்று நேர்மையாக எண்ணிப் பார்ப்பது இரண்டாவது. பெட்டியைத் திறந்து தட்டைத் தராசில் வைக்கச் சொல்வது மூன்றாவது. நம் பாட்டிமார் கூச்சமின்றிக் கேட்ட கேள்விதான் அது. நாமும் கேட்போம்.