ஒரு சொல்லுக்குள் இத்தனை குறிகளா?

வேர்டு கோப்பை மொழிபெயர்ப்பு மென்பொருளில் ஏற்றினால், ஒரே சொல்லின் நடுவில்கூட எண்ணிட்ட குறிகள் முளைக்கின்றனவே, ஏன்? வேர்டு 2007 கொண்டுவந்த டாக்எக்ஸ் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள். அங்கே வாக்கியம் முழுதாக இருக்கும் என்று நம்ப முடியாது. எழுத்துரு மாறினாலும், பிறகொரு நாள் திருத்தினாலும் வரி துண்டாகிறது. திரையில் ஒன்றும் தெரியாது!

மென்பொருளின் வடிகட்டி உரையை மட்டும் உருவி, அந்தத் துண்டுகளின் வடிவமைப்பைக் குறிகளாக்குகிறது. பிறகு அவற்றை வைத்தே கோப்பை மறுபடி கட்டுகிறது. குறியை அழித்தால் தடித்த எழுத்து காணாமல் போகும். சில வேளை கோப்பே திறக்காது. தமிழில் வினை கடைசிக்குப் போவதால் குறிகளையும் இடம் மாற்ற வேண்டியிருக்கும். பிடிஎஃப்பிலிருந்து மாற்றிய கோப்புதான் மகா தொல்லை. அதை ஏற்றும் முன் வேர்டிலேயே சுத்தம் செய்துவிடுங்கள்.