வரைபடம் இல்லாத கப்பல்கள்

பம்பாயில் கட்டிய ஆங்கிலப் போர்க்கப்பலை இன்றும் அங்குலம் பிசகாமல் சிறு வடிவில் செய்துவிடலாம். ராஜேந்திர சோழனின் கப்பலை அப்படிச் செய்ய முடியாது. மரத்துக்குப் பஞ்சமில்லை, காகிதத்துக்குத்தான் பஞ்சம்.

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் சுமார் 60 கி.மீ. நெடுமங்காடு, விதுரா தாண்டிக் கல்லாற்றுக்குப் பிறகு 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே மூடுபனியும் புல்வெளியும் காத்திருப்பதால் சுற்றுலாப் பயணிகள் யாரும் அடிவாரத்தில் வண்டியை நிறுத்துவதில்லை. மரம் தெரிந்தவர் நிறுத்துவார். தென் கேரளத்தின் இந்த மலையடிவாரங்களில்தான் தேக்கும் அயினியும் வளர்கின்றன. அயினியை மலையாளிகள் ஆஞ்ஞிலி என்பார்கள். உப்புத் தண்ணீரில் பல்லாண்டு கிடந்தாலும் எளிதில் உளுக்காத மரங்கள் இரண்டும். அரபிக்கடலில் ஓடிய கப்பல்களில் எத்தனையோ இப்படிப்பட்ட மலைகளில் மரமாக நின்றவை.

இது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1806ல் மலபார், திருவிதாங்கூர் காடுகளுக்கென்று ஒரு கன்சர்வேட்டரை அது நியமித்தது. போலீஸ் அதிகாரியான கேப்டன் வாட்சன்தான் இந்தியாவின் முதல் வனப் பாதுகாவலர். பதவியின் பெயரில்தான் பாதுகாப்பு இருந்தது. வேலை என்னவோ போர்க்கப்பல்களுக்குத் தேக்கு சேகரிப்பது. மர வியாபாரிகளும் குடியானவர்களும் எதிர்த்ததால் 1823ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். பிறகு தேக்கு தீர்ந்துவிடுமோ என்ற கவலை வந்து, 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார்.

அந்தத் தேக்கில் உருவான கப்பல்களில் ஒன்று இன்றும் மிதக்கிறது. அதன் பெயர் ட்ரிங்கமாலி, அதாவது நம் திருகோணமலை. பழைய போர்க்கப்பல்களை அளவு குறைத்து மாடல் செய்பவர்களுக்கு மிகவும் பிடித்த கப்பல்களில் அதுவும் ஒன்று. அதன் கதையில் ஒரு சம்பவம், நம்முடைய கப்பல்களுக்கு என்ன ஆனது என்பதைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

ஒரு நகலின் கதை

நெப்போலியனுடன் நடந்த போர்களில் பிரிட்டனின் ஓக் மரங்கள் தீர்ந்துகொண்டிருந்தன. எனவே 1812ல் பிரிட்டிஷ் கடற்படை இரண்டு போர்க்கப்பல்களைப் பம்பாயில் கட்டச் சொல்லி ஆர்டர் கொடுத்தது. பம்பாய் கப்பல் கட்டும் தளத்தில் அப்போது தலைமை மேஸ்திரி ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. 1736ல் சூரத்திலிருந்து வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் வம்சம். 1810ல் மிண்டன், 1813ல் கார்ன்வாலிஸ் என்று பெரிய போர்க்கப்பல்களைக் கடலில் இறக்கியவர். முதல் ஆங்கில-சீனப் போரை முடித்த நான்கிங் ஒப்பந்தம் 1842ல் கையெழுத்தானது அவருடைய கார்ன்வாலிஸ் கப்பலில்தான்.

புதிய கப்பல்களுக்கான வரைபடங்கள் ஜாவா என்ற போர்க்கப்பலில் லண்டனிலிருந்து புறப்பட்டன. 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிட்யூஷன் என்ற கப்பல் ஜாவாவை மடக்கியது. சண்டையில் நொறுங்கிய ஜாவாவை அமெரிக்கர்கள் எரித்துவிட்டார்கள். வரைபடங்கள் பம்பாய்க்கு வந்து சேரவில்லை.

ஆனால் லண்டனில் மூலம் இருந்தது. மறுபடி நகல் எடுத்து அனுப்பினார்கள். 1816ல் அடிமரம் போடப்பட்டு, 1817 அக்டோபர் 12 அன்று ட்ரிங்கமாலி கடலில் இறங்கியது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில், பல ஆண்டுகள் பழுது பார்க்கப்பட்டு, அருங்காட்சியகக் கப்பலாக நிற்கிறது. மிதக்கும் நிலையில் உள்ள பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது. அதன் வரைபடத்துக்கு எமனாக வந்த கான்ஸ்டிட்யூஷனும் பாஸ்டன் துறைமுகத்தில் இன்னும் மிதப்பது விதியின் வேடிக்கை.

ஜாவாவோடு அழிந்தது நகல்தான். மூலம் பத்திரமாக இருந்ததால் கப்பல் பிழைத்தது. மாடல் செய்கிறவருக்கும் இதுதான் முதல் பாடம்.

48ல் ஒரு பங்கு

பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் மூல வரைபடங்களை லண்டனில் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகம் பெருமளவில் பாதுகாக்கிறது. ஒரு கப்பலுக்கு அடிப்படையாக மூன்று படங்கள்: பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து பார்ப்பதுபோல் ஒன்று, ரொட்டியைத் துண்டு போட்டதுபோல் குறுக்கு வெட்டாக ஒன்று. மூன்றும் கையில் இருந்தால் கப்பலின் எந்தப் புள்ளியையும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்பது பழைய வழக்கு. அதாவது 48ல் ஒரு பங்கு. ட்ரிங்கமாலியின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளம்; மாடலில் அது 95 சென்டிமீட்டர். மூன்று அங்குலப் பலகை ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சமாகிவிடும். ஐந்தரை அடி மாலுமி மூன்றரை சென்டிமீட்டருக்குக் குறுகுவான். மரத்தின் ரேகை மட்டும் இந்தக் கணக்குக்குப் படியாது. தேக்கின் ரேகையும் துளைகளும் அதே அளவில்தான் நிற்கும். எனவே தேக்குக் கப்பலுக்குத் தேக்கிலேயே மாடல் செய்தால் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். நெருக்கமான ரேகை உள்ள மரங்களைத் தேடிப் போவது இதனால்தான்.

உளியை எடுப்பதற்கு முன்பே இன்னொரு கேள்வி வந்து நிற்கும். எந்த வருடத்துக் கப்பல்? ட்ரிங்கமாலி 1817ல் 46 பீரங்கிகளோடு பிறந்தது. 1840களில் பீரங்கிகளைக் குறைத்து வேறு வகைக் கப்பலாக மாற்றினார்கள். பிற்பாடு வேறு பெயரில் பயிற்சிக் கப்பலாகவும் இருந்தது. 1817ன் பீரங்கிகளையும் 1850ன் பாய்மர அமைப்பையும் ஒரே மாடலில் சேர்த்தால், என்றுமே இல்லாத ஒரு கப்பல் கிடைக்கும். பல மாதம் செதுக்குவதற்கு முன்னால் பல மாதம் படிக்க வேண்டியிருப்பது இந்தத் தவறைத் தவிர்க்கத்தான்.

கல்வெட்டில் கலம் உண்டு, அளவு இல்லை

இனி நம் பக்கம் வருவோம். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்தின் மேல் படையெடுத்தான். அவன் மெய்க்கீர்த்தி, பல கலங்களைக் கடலில் செலுத்தியதைச் சொல்கிறது. வென்ற ஊர்களை வரிசையாக அடுக்குகிறது. ஒரு கலத்தின் நீளம் எவ்வளவு, பாய்மரங்கள் எத்தனை, பலகைகளைக் கயிற்றால் தைத்தார்களா, ஆணி அடித்தார்களா என்று ஒரு சொல் கிடையாது. குஞ்ஞாலி மரைக்காயர்களின் நிலையும் இதுதான். 1600ல் கோவாவில் கொல்லப்பட்ட நான்காம் குஞ்ஞாலி வரை அந்தக் குடும்பம் போர்ச்சுகீசியரை அலைக்கழித்தது. அவர்களுடைய வேகப் படகுகளைப் பற்றி எதிரிகள் எழுதி வைத்தது நமக்குக் கிடைக்கிறது. கட்டியவர்கள் வரைந்த படம் கிடைப்பதில்லை.

தமிழில் ‘கப்பல் சாத்திரம்’ என்ற சுவடி நூல் அச்சேறியிருக்கிறது. அதில் அளவுகளோடு நாளும் நட்சத்திரப் பலனும் கலந்து வரும். அதை வைத்து ஒரு முழுக் கப்பலை வரைந்துவிட முடியாது. மற்றபடி இருப்பவை சில துணுக்குகள்: சோழமண்டலக் கரையில் கிடைத்த சாதவாகனர் காசுகளில் இரட்டைப் பாய்மரக் கப்பல், ராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில் பானை ஓட்டில் கீறிய கப்பல். பொன்முடிக்குக் கிழக்கே மலைத்தொடரைத் தாண்டினால் அம்பாசமுத்திரத்தை அடுத்து, தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர். அங்கே கோயில் கோபுரத்துச் சுவர் ஓவியங்களில் குதிரைகளை ஏற்றி வரும் கப்பல் ஒன்று இருக்கிறது. ஆனால் காசு செய்தவருக்கு இடம் போதாது. ஓவியருக்கு ஆட்களும் குதிரைகளும்தான் முக்கியம். கப்பலைவிடக் குதிரை பெரிதாக நின்றால் அதை ஸ்கேலாக எடுத்துக்கொள்ள முடியுமா?

கற்பனையால் இடைவெளியை நிரப்புவது சுலபம். கண்காட்சிகளிலும் திரைப்படங்களிலும் வரும் ‘சோழர் போர்க்கப்பல்’ பல சமயம் ஐரோப்பியக் கப்பலுக்குப் புலிக்கொடி கட்டியதுபோல் இருப்பது அதனால்தான். பார்த்துவிட்டுப் போகும் குழந்தை அதையே வரலாறு என்று நம்பும்.

மண்ணுக்கடியில் ஒரு சாட்சி

ஓவியம் சொல்லாததைச் சில சமயம் மண் சொல்லும். ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியில் வயலுக்கடியில் ஒரு பழைய மரக்கலம் கிடைத்தது. திருவனந்தபுரத்தில் இயங்கும் கேரள வரலாற்று ஆய்வு மன்றம், வெளிநாட்டு ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொண்டு 2002-03ல் அதைத் தோண்டி அளந்தது. எஞ்சிய பகுதியே 18 மீட்டருக்கு மேல். மரம் அதே ஆஞ்ஞிலி. பலகைகளை இணைத்தது இரும்பு ஆணிகள். மேற்குக் கரை என்றாலே கயிற்றால் தைத்த கலங்கள்தான் என்ற எண்ணத்தை அந்த ஆணிகள் கொஞ்சம் ஆட்டிவிட்டன. அது சண்டைக் கப்பல் அல்ல. ஆனாலும் இடைக்காலத் தச்சர்கள் மரத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு நிஜமான அளவுகள் அதிலிருந்து கிடைத்தன.

கடற்படை போட்ட பந்தயம்

வரைபடமே இல்லாமல் கப்பலை மீட்கும் முயற்சியில் அண்மையில் கடற்படையே இறங்கியது. அஜந்தா குகை ஓவியத்தில் உள்ள ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலை மாதிரியாக வைத்துக் கட்டியதுதான் ஐ.என்.எஸ்.வி. கவுண்டின்யா. 2023 ஜூலையில் கலாச்சார அமைச்சகம், கடற்படை, கோவாவின் ஹோடி இன்னோவேஷன்ஸ் ஆகிய மூவருக்கும் ஒப்பந்தம். செப்டம்பர் 12 அன்று அடிமரம் போட்டார்கள். பாபு சங்கரன் தலைமையில் கேரளக் கைவினைஞர்கள், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இயற்கைப் பிசின் பூசிக் கட்டினார்கள்.

ஓவியத்தில் நீருக்கு மேலே இருப்பதுதான் தெரியும். கப்பலின் உயிர் நீருக்குக் கீழே இருக்கிறது. அங்கே ஓவியம் உதவாததால் மாடல் உதவிக்கு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறையோடு சேர்ந்து, சிறு மாடலை வைத்து நீரோட்டச் சோதனைகளைக் கடற்படை நடத்தியது.

சோதனை மாடலின் சூட்சுமம் எளிது. 48ல் ஒரு பங்கு நீளமுள்ள மாடலின் எடை 48ல் ஒரு பங்காக இருக்காது. லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறையும். ஆயிரம் டன் கப்பல் ஒன்பது கிலோவில் அடங்கிவிடும். வேகத்துக்கு வேறு கணக்கு. 16ல் ஒரு பங்கு மாடலை நிஜ வேகத்தில் நான்கில் ஒரு பங்கில் இழுத்தால், அது எழுப்பும் அலை நிஜக் கப்பலின் அலையை ஒத்திருக்கும். இதைக் கண்டுபிடித்த வில்லியம் ஃப்ரூட் 1870களில் இங்கிலாந்தின் டார்க்கீயில் நீர்த்தொட்டி கட்டி நிரூபித்தார். பொன்முடிச் சாலைக்காரர்களுக்கு இது புதிய சங்கதியல்ல. நெடுமங்காட்டுக்கு அருகே வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்து மையம் இருக்கிறது. தும்பாவில் ராக்கெட்டின் சிறு மாடல்களைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். அங்கே காற்று, சென்னையில் தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம்.

2025 பிப்ரவரியில் கோவாவில் நீரில் இறங்கிய கப்பல், மே 21 அன்று கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. டிசம்பர் 29 அன்று போர்பந்தரிலிருந்து புறப்பட்டு, 2026 ஜனவரியில் மஸ்கட் போய்ச் சேர்ந்தது.

மஸ்கட்டுக்கு இப்படியொரு கப்பல் புதிதல்ல. சிந்துபாத்தின் பயணத்தை மெய்ப்பிக்கத் டிம் செவரின், 1980ல் ஓமானில் ‘சொஹார்’ என்ற தைத்த கப்பலைக் கட்டி மஸ்கட்டிலிருந்து சீனாவின் காண்டனுக்கு ஓட்டினார். மரம் மலபாரிலிருந்து போனது. தைத்தவர்களில் லட்சத்தீவின் அகத்தித் தீவுக்காரர்களும் உண்டு. சுமார் 45 வருட இடைவெளியில் இரண்டு கப்பல்கள். இரண்டுக்கும் மரமும் கையும் இந்தக் கரையிலிருந்துதான் போக வேண்டியிருந்தது.

கை இருக்கும்போதே

கவலை அந்தக் கைகளைப் பற்றித்தான். பேப்பூரில் உரு என்னும் பெரிய மரக்கலங்களைக் காகித வரைபடம் இல்லாமலே கட்டிப் பழகியவர்கள் மூத்த மேஸ்திரிகள். தூத்துக்குடித் தோணியும் அப்படி வளர்ந்ததுதான். அளவெல்லாம் மனசில். அந்த மனசு ஓய்ந்தால் கப்பலும் போயிற்று. ஜாவாவுக்கு நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்; ஆனால் லண்டனில் இருந்ததுபோல் மூலம் இருக்காது.

பேப்பூரில் உருவின் சிறு மாடல்களைத் தேக்கிலும் ஈட்டியிலும் அழகாகச் செய்து விற்கிறார்கள். நினைவுப் பொருளுக்கு அழகு போதும். ஆவணத்துக்கு அளவு வேண்டும். பெரிய செலவில்லை. கரையேறி நிற்கும் தோணியின் பக்கத்தில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, அடிக்கு அடி டேப்பால் அளந்து, அந்த மூன்று படங்களையும் வரைந்துவிடலாம். அதிலிருந்து ஒரு மாடல் செய்து, எது அளந்தது, எது ஊகம் என்று அடியில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் நூறு வருடம் கழித்து வருகிறவன் நன்றி சொல்வான்.

எஃகுக் கப்பலே நிரந்தரமில்லை. 1971 போரில் பங்கெடுத்த முதல் விக்ராந்த், மும்பையில் அருங்காட்சியகமாக நின்றும் தப்பவில்லை, 2014ல் உடைக்கப்பட்டது. ஆனால் அதன் வரைபடமும் புகைப்படங்களும் இருப்பதால், விரும்புகிறவர் இன்றும் மேசை மேல் ஒரு விக்ராந்தைக் கட்டிக்கொள்ளலாம். தோணிக்கும் உருவுக்கும் அந்த வசதி இல்லை.

பொன்முடியின் அடிவாரத்தில் ஆஞ்ஞிலி இன்னும் நிற்கிறது. அதைக் கலமாக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் டேப்பும் பென்சிலுமாக ஒருவர் போய் உட்கார வேண்டும்.