பிள்ளைகள் தேர்ந்தெடுத்த நுண்ணுயிர்

தேசிய விலங்கு புலி, தேசியப் பறவை மயில் என்று உங்களுக்குத் தெரியும். இந்தியாவுக்குத் தேசிய நுண்ணுயிர் ஒன்றும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் உங்களைப் போன்ற பிள்ளைகள்தான்! ஊர் ஊராகப் போன ‘சயின்ஸ் எக்ஸ்பிரஸ்’ ரயில் கண்காட்சியைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். 2012 அக்டோபரில் ஹைதராபாத்தில் அந்த முடிவை அறிவித்தார்கள். தேர்வானது, பாலைத் தயிராக்கும் லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் என்ற பாக்டீரியா. அருமையான தேர்வு!

பெயரில் பல்கேரியா எப்படி வந்தது? அந்த நாட்டைச் சேர்ந்த ஸ்டாமென் கிரிகோரோவ், ஜெனீவாவில் இருந்தபோது தன் நாட்டுத் தயிரை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். 1905இல் இந்தக் கோல் வடிவ உயிரைக் கண்டுபிடித்தார். பாரிஸில் இருந்த விஞ்ஞானி எலி மெச்னிகாஃப், புளித்த பால் குடித்தால் முதுமை தள்ளிப்போகும் என்று நம்பி, தானும் குடித்துவந்தார். ஆயுள் கூடும் என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் உடம்புக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்களும் உண்டு என்ற அவருடைய எண்ணம் நிலைத்தது. இன்று அவற்றை ‘புரோபயாடிக்’ என்கிறோம்.

அப்படி என்ன நல்லது? பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்க நம் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி சுரக்க வேண்டும். வளர வளர, பலருக்கு இது குறைந்துவிடும். அவர்கள் பால் குடித்தால், உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்குள்ள பாக்டீரியா அதைத் தின்று வாயுவை வெளிவிடும். வயிறு உப்பும், வலிக்கும்.

அவர்களே தயிர் சாப்பிட்டால் இந்தத் தொல்லை குறைவு. தயிர் தோயும்போதே லாக்டோஸில் ஒரு பகுதி லாக்டிக் அமிலமாகிவிடுகிறது. தயிரின் புளிப்பு அதுதான். மீதியை உடைக்கும் நொதியும் இந்த பாக்டீரியாவுக்குள் இருக்கிறது. சிறுகுடலில் பித்தநீர் பட்டதும் அதன் உடல்சுவர் இளகும். நொதி வேலையைத் தொடங்கும். இந்த பாக்டீரியா நம் குடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. போகிற வழியிலேயே இவ்வளவும் செய்கிறது! ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் இந்தப் பயனை ஏற்றுக்கொண்டது. 1 கிராம் தயிரில் 10 கோடி பாக்டீரியாவாவது உயிரோடு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

லாக்டிக் அமில பாக்டீரியாவில் இன்னும் பல வகைகள் உண்டு. ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்கைச் சில வகைகள் குறைக்கின்றன. ஒரு வகை செய்வதை இன்னொன்றும் செய்யும் என்று சொல்ல முடியாது. அதனால் எல்லா நோய்க்கும் தயிரே மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு சோதனை செய்வோமா? அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரு கரண்டி தயிரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு கிண்ணங்களில் வெதுவெதுப்பான பால் எடுங்கள். ஒன்றில் அந்தத் தயிரையும், மற்றதில் சாதாரணத் தயிரையும் உறை ஊற்றுங்கள். ஏழெட்டு மணி நேரம் கழித்துக் கிண்ணங்களை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். எது தோய்ந்தது, ஏன் என்று எங்களுக்கு எழுதுங்கள்.