பெயர் சொன்னால் போதுமா?

ஓசூரை அடுத்த ஜூஜூவாடி எல்லையில் அரை மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு நாம் சொல்லப்போகும் விஷயம் புதிதாகத் தோன்றாது. "அரசாங்க அவசரப் பணி" என்று கண்ணாடியில் ஒட்டிய வண்டி ஒன்று போகும். "பிரஸ்" என்று எழுதிய கார் இரண்டு போகும். பின்னவற்றில் ஏறிச் செல்லும் கனவான்கள் எந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறார்கள் என்பது, பத்திரிகை நடத்தும் நமக்கே இதுவரையில் விளங்கவில்லை. பலகை எழுதப் பெயிண்டும் பிரஷும் போதும். ஆனால் லாரியில் ஏறிய சரக்கைச் சோதிக்கும் அதிகாரி பலகையை நம்புவதில்லை. ஈ-வே பில்லின் இலக்கத்தைச் சர்க்கார் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கிறார்.

இந்தச் சாதாரண ஜாக்கிரதையை இணையத்தில் நம்மவர்கள் கைக்கொள்ளாததால் விளையும் நஷ்டம் கொஞ்சமல்ல. ஓசூர் சிப்காட் பேட்டையில் கடைசல் பட்டறை வைத்து, மோட்டார் வாகன உதிரி பாகங்கள் செய்யும் நண்பர் ஒருவர் தம் சாமான்களின் அளவு, படம், விலை யாவற்றையும் வலைத்தளத்தில் வெளியிட்டிருந்தார். இரவு வேளைகளில் தளம் அடிக்கடி நின்று போயிற்று. வருகைப் பதிவைப் பார்த்தால் வரிக்கு வரி "கூகிள்பாட்" என்ற பெயர். கூகிளைத் தடுத்தால் தேடுவோர் கண்ணில் படமாட்டோமே என்று அவர் பேசாதிருந்தார். பிறகு அவருடைய விலைப்பட்டியல் ஓர் எழுத்தும் பிசகாமல் வேறொரு தளத்தில் காணப்பட்டது. மனம் வெறுத்து எல்லா பாட்களுக்கும் கதவை அடைத்தார். உண்மையான கூகிளும் வெளியே நின்றது; புனாவிலிருந்து வந்துகொண்டிருந்த விசாரணைகள் வாரக்கணக்கில் வரவேயில்லை. திருடனுக்குத் திறந்த கதவும் போயிற்று, வாடிக்கைக்காரன் வரும் கதவும் போயிற்று.

பாட் என்பது தளம் தளமாகச் சென்று பக்கங்களைப் படித்துவரும் யந்திர தூதன். அது வரும்போது தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளுகிறது. அதற்கு "யூஸர் ஏஜெண்ட்" என்று பெயர். எவனும் எந்தப் பெயரையும் சொல்லலாம். அது கார் கண்ணாடியில் ஒட்டிய "பிரஸ்" சீட்டுக்கு மேல் மதிப்புள்ளதன்று. ஆனால் வந்தவனுடைய ஐ.பி. இலக்கம் என்று ஒன்று உண்டு. அதில் பொய் சொல்லி அவனுக்குப் பிரயோஜனமில்லை. கேட்ட பக்கம் அந்த இலக்கத்துக்கே போய்ச் சேருமாகையால், பொய்யனுக்கு ஒன்றும் கிட்டாது.

இணையத்தின் பெயர்ப் பதிவேடாகிய டி.என்.எஸ். ஏற்பாட்டை 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். பெயரைச் சொன்னால் இலக்கம் தருவது அதன் நித்திய வேலை. இலக்கத்தைச் சொல்லிப் பெயரைக் கேட்பதும் உண்டு. அதுவே ரிவர்ஸ் டி.என்.எஸ். 66.249.66.1 என்ற இலக்கத்தைக் கேட்டால் "கிரால்-66-249-66-1.கூகிள்பாட்.காம்" என்று விடை வரும். இவ்வளவோடு திருப்தியடைகிறவர்கள் பலர். அங்கேதான் மோசம் போகிறார்கள்.

ஏனெனில் இந்த விடையை எழுதி வைப்பவன் இலக்கத்துக்கு உடையவனே. தன் வீட்டு வாசலில் "கலெக்டர் பங்களா" என்று ஒருவன் பலகை மாட்டினால் யார் தடுப்பது? ஆகையால் இரண்டாவது கேள்வி அவசியம். கிடைத்த பெயரை எடுத்துக்கொண்டு கூகிளின் பதிவேட்டிடமே சென்று, "இந்தப் பெயருக்கு உங்கள் இலக்கம் யாது?" என்று கேட்க வேண்டும். 66.249.66.1 என்றே திரும்பி வந்தால் வந்தவன் மெய்யான தூதன், இல்லையேல் வேஷக்காரன். பலகையை எவனும் மாட்டலாம், கலெக்டர் கச்சேரியின் ரிஜிஸ்தரில் எவனும் எழுத முடியாது. கூகிள் கம்பெனியாரே 2006-ல் இம்முறையைச் சிபாரிசு செய்தார்கள். மைக்ரோஸாப்டின் பிங் தூதனுக்கும் இதே சோதனை, அதன் பெயர் "ஸெர்ச்.எம்எஸ்என்.காம்" என்று முடிய வேண்டும்.

முடிய வேண்டும் என்பதைக் கவனிக்க. பெயரின் தலையைப் பார்த்து ஏமாறலாகாது. "கூகிள்பாட்.காம்" என்று தொடங்கி, கடைசியில் வேறு எவனுடைய பெயரோ நிற்கும். "கூகிள்பாட்" என்ற சொல்லுக்கு முன் புள்ளியின்றி வேறு எழுத்துக்கள் ஒட்டியிருந்தாலும் அது அன்னியன் பெயரே. இன்னொரு கண்ணியும் உண்டு. கூகிள் தன் கம்ப்யூட்டர்களைப் பிறருக்கு வாடகைக்கு விடுகிறது, அவற்றின் பெயர்கள் "பிசி.கூகிள்யூஸர்கன்டென்ட்.காம்" என்று முடியும். இரண்டு கேள்விகளிலும் அது தேறிவிடலாம். ஆயினும் கூகிள் வீட்டில் குடியிருப்பவனெல்லாம் கூகிள் ஆகமாட்டான்.

ஒவ்வொரு வருகைக்கும் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் தளம் மெதுவாகிவிடாதா என்று நேயர்கள் கேட்கலாம். ஒருமுறை கிடைத்த விடையை ஒருநாள் குறித்து வைத்துக்கொண்டால் போதும். எல்லாத் தூதருக்கும் இது பொருந்துமென்றும் நாம் சொல்லவில்லை. ஓபன்ஏஐ போன்ற கம்பெனிகள் தங்கள் இலக்கங்களின் பட்டியலையே பிரசுரிக்கின்றன, அதனோடு ஒத்துப் பார்க்க வேண்டியதுதான்.

வக்கீல் என்ற முறையில் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. யந்திரத்தின் பொய்ப்பெயர் இப்பிரிவில் அடங்குமா என்பது கோர்ட்டில் வாதிக்கத்தக்க விஷயம். ஆனால் வாதிப்பதற்குச் சாக்ஷியம் வேண்டுமே! 2022 ஏப்ரல் 28-ல் ஸெர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டர் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டுமென்கிறது. நம் நண்பர் தளத்தை நடத்திய பையன், இடம் போதவில்லையென்று வாரந்தோறும் பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தான். விலைப்பட்டியலை எடுத்தவன் எந்த இலக்கத்திலிருந்து வந்தான் என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

இப்பொழுது அவர் கதவைத் திறந்துவிட்டு, வாசலில் இந்த இரண்டு கேள்விகளையும் நிறுத்தியிருக்கிறார். ஆள் ஒருவருக்கு அரை நாள் வேலை, செலவு ஒன்றுமில்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இதைத் தனித்தனியே கற்க அவகாசமில்லாத சிறு பட்டறைக்காரர்கள் அநேகர் இருக்கிறார்கள். ஓசூர் சிறு, குறுந்தொழில்கள் சங்கத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கி, கற்றுக்கொடுக்க ஒருவரை அமர்த்துவார்களா?