முதுகைக் கொடுக்குமுன்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு என்று வகுத்துச் சொல்கிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என்பன அவை. மருத்துவனுக்கும் முன்னதாக நோயாளியை அவர் ஏன் வைத்தார்? முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் அக்குறளைப் படிப்பித்த எனக்கு இக்கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. மாணவர் எவரும் கேட்டதுமில்லை. ஓய்வு பெற்ற பின்னர் என்னுடைய நாரியே எனக்கு ஆசிரியராகி அந்தப் பாடத்தை நடத்தியது.

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், அடுக்குமாடியொன்றின் மூன்றாம் மாடியில் நான் வசிக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு காலையில், பழைய சஞ்சிகைகள் நிறைந்த பெட்டியொன்றைக் குனிந்து தூக்கினேன். தூக்கியது நினைவிருக்கிறது, நிமிர்ந்தது நினைவில்லை. அன்று தொடங்கிய வலி பத்து நாள்களாகியும் தணியவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வைத்தியராயினர். ஒருவர் எண்ணெய் சொன்னார். ஒருவர் ஒத்தடம் சொன்னார். பேரனோ தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். வெளிநாட்டவர் ஒருவர், படுத்திருப்பவரின் கழுத்தை இரு கைகளாலும் பற்றிச் சட்டென்று திருப்புகிறார். 'சடக்' என்றோர் ஒலி. எழுந்தவர் கண்ணீர் மல்க நன்றி சொல்கிறார். "அப்பப்பா, உங்களுக்கும் இப்படிச் செய்தால் ஒரே நாளில் சுகம்" என்றான் பேரன்.

இவ்வைத்தியத்துக்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். 'கையாற் செய்யப்படுவது' என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கிய பெயர் அது. அத்துறையை வெளிநாட்டிற் பயின்றவர் ஒருவர் கொட்டாஞ்சேனைப் பக்கம் இருப்பதாக அறிந்தேன். கொட்டாஞ்சேனையில் என் பழைய நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒரே பாடசாலையில் நான் தமிழும் அவர் கணிதமும் இருபது ஆண்டுகள் படிப்பித்தோம். அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போவதென்று தீர்மானித்தேன்.

போகுமுன் அத்துறையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அது ஆசிரியத் தொழில் விட்டுச் சென்ற பழக்கம். அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள டாவன்போர்ட் என்னும் ஊரில், 1895ஆம் ஆண்டு டி. டி. பாமர் என்பவர், செவிப்புலன் குன்றிய ஹாவி லில்லார்ட் என்ற தொழிலாளியின் முள்ளந்தண்டை அழுத்திச் சரிசெய்ததாகவும், அவருக்குக் கேள்வி திரும்பியதாகவும் சொன்னார். 1897இல் அவ்வூரிலேயே ஒரு பாடசாலையும் தொடங்கினார். முள்ளந்தண்டின் எலும்புகள் இடம் பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. செவிக்குரிய நரம்போ முள்ளந்தண்டின் வழியே செல்வதன்று. அது மண்டையோட்டுக்குள்ளேயே மூளையை அடைந்துவிடுகிறது. ஆகவே அக்கொள்கையை இன்றைய உடலியல் ஏற்பதில்லை. கொள்கை தளர்ந்தாலும் கைத்திறன் நின்றுவிட்டது. நாட்பட்ட நாரிவலியுற்றோரிடம் நடத்திய 47 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து 2019இல் வெளிவந்த கட்டுரையொன்று, இம்முறை பிற ஏற்ற சிகிச்சைகளோடு ஏறத்தாழ ஒத்த பயனைத் தருகிறது என்று முடிவு கூறுகிறது. ஒத்த பயன் என்றால் மிகுந்த பயனன்று. தேகப்பயிற்சியும் ஓரளவு நடமாட்டமும் தருகின்ற நன்மையை இதுவும் தருகிறது என்பதே அதன் பொருள். தொய்வையும் சலரோகத்தையும் இது மாற்றும் என்பாருடைய பேச்சுக்குத் தக்க சான்று இல்லை.

பேரன் வியந்த அந்தச் 'சடக்' ஒலியைப் பற்றியும் ஒரு சொல். விலகிய எலும்பு தன் இடத்தில் வந்து பொருந்தும் ஒலியன்று அது. மூட்டுக்களின் உள்ளே வழுவழுப்பான நீர் உண்டு. மூட்டைத் திடீரென்று இழுக்கும்போது அந்நீரில் வாயுக்குழி ஒன்று தோன்றுகிறது. 2015இல் கனடாவின் அல்பேட்டாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் விரல் மூட்டுக்களிற் காந்த அதிர்வுப் படம் பிடித்து இதனைக் கண்டார்கள். ஒலி எழுந்ததனால் நோய் தீர்ந்ததென்றோ, எழாததனால் சிகிச்சை வீணென்றோ எவரும் எண்ண வேண்டியதில்லை.

இவ்வளவும் படித்துத் தேறியவனாகத்தான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே நான் எதிர்பார்த்தது கை, கிடைத்தது கேள்வி. அரைமணி நேரம் அவர் என்னைத் தொடவேயில்லை. வலி எப்போது தொடங்கியது, காலுக்கு இறங்குகிறதா, இரவில் கூடுகிறதா, காய்ச்சல் உண்டா, உடல் மெலிந்ததா, சலம் போவதிலே தடை உண்டா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு எழுதினார். இறுதியில், என்னென்ன மருந்து எடுக்கிறேன் என்று வினவினார்.

"பிரஷருக்கு ஒரு குளிசை" என்றேன்.

"வேறு?"

"வேறொன்றுமில்லை."

அது பொய். நோவது நாரி, நெஞ்சின் கதை இவருக்கு எதற்கு என்பது ஒரு காரணம். எல்லாவற்றையும் சொன்னால் இவர் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்னும் அச்சம் மற்றொரு காரணம். மூலைக் கதிரையில் இருந்த நண்பர் அப்போது வாய் திறந்தார்: "உம்முடைய தொய்வுக் குளிசையைச் சொல்லவில்லையே?"

வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் குளிசையின் பெயர் பிரெட்னிசொலோன். பதினொரு ஆண்டுகளாக, விட்டும் தொட்டும், அதனை நான் எடுத்து வந்திருக்கிறேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, இன்று உங்கள் முதுகில் நான் கைவைக்கப் போவதில்லை. முதலில் எக்ஸ்றே எடுக்கவேண்டும்." ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

எனக்கு ஏமாற்றம். திரும்பும் வழியில் நண்பரைக் கடிந்துங்கொண்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை.

இரண்டு நாள்களின் பின் படம் வந்தது. நாரியிலுள்ள எலும்பொன்று முன்பக்கம் நசுங்கி ஆப்புப்போல் ஆகியிருந்தது. அவ்வகைக் குளிசை நீண்டகாலம் உட்கொண்டால் எலும்பின் உரம் குறையும். புறத்தோற்றம் மாறாமலே உள்ளே அது பொறுமிப்போகும். சஞ்சிகைப் பெட்டியின் சுமையே அதனை நொறுக்கப் போதுமாயிற்று. அந்த எலும்பின்மேல் அன்று ஒரு கை ஓங்கி அழுத்தியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் எனக்கு விளக்கிச் சொன்னார்கள். அதனை இங்கே விரித்தெழுத மனம் வரவில்லை.

வள்ளுவர் நோயாளியை முதலில் வைத்ததன் காரணம் அன்று எனக்கு ஒருவாறு புலப்பட்டது. குளிசை தரும் வைத்தியத்தில் மருந்து வேறு, மருத்துவன் வேறு. இதிலோ மருத்துவனின் கையே மருந்து. அதன் அளவைத் தீர்மானிப்பது நோயாளியின் சொல். சொல் மறைந்தால் மருந்தே நஞ்சாகும்.

ஆகவே, முதன்முறையாக இத்தகைய வைத்தியரை நாடும் அன்பர்கள் தம்மைப்பற்றிய முழுக்கதையையும் கொண்டுசெல்ல வேண்டும். எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நன்று. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, எலும்பின் உரம் குறைந்த நிலை, முன்னைய முறிவு, சத்திரசிகிச்சை, புற்றுநோய், கர்ப்பம் ஆகியவற்றுள் எதனையும் மறைத்தலாகாது. இரு கால்களும் மரத்தல் அல்லது வலுவிழத்தல், ஆசனத்திற் படியும் இடம் உணர்வற்றுப் போதல், சலமலம் அடைபடுதல் அல்லது தன்வசமின்றிப் போதல் ஆகிய குறிகள் தோன்றின், எந்தக் கைவைத்தியரிடமும் போகாது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விழுந்தபின் வந்த கடும் வலிக்கும், காய்ச்சலோடு கூடிய முதுகுவலிக்கும் அதுவே விதி.

கழுத்தைப்பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகள் கழுத்தெலும்புகளை ஒட்டியும் ஊடுருவியும் செல்கின்றன. கழுத்தைச் சட்டென்று திருப்பியபின் அந்நாடியின் சுவர் கிழிந்து பாரிசவாதம் வந்த சம்பவங்கள், அரியனவாயினும், மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. முன்னொருபோதும் வராத கழுத்துவலியோ தலைவலியோ, தலைச்சுற்றோ, பார்வை இரட்டிப்பதோ உள்ளவர் கழுத்தைப் பிறர் கையிற் கொடுத்தலாகாது. மற்றையோரும் 'திருப்ப வேண்டாம்' என்று சொல்லலாம். மெல்லிய வேறு முறைகள் உண்டு. சம்மதம் என்பது ஒருமுறை கொடுத்தபின் மீளப் பெறமுடியாத பொருளன்று. கை மேலே இருக்கும்போதுங்கூட நிறுத்தச் சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு.

நாமும் வினவவேண்டும். எங்கே பயின்றீர்கள், எத்தனை ஆண்டுகள் என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. முன் மருத்துவப் பயிற்சி இல்லாதவர் இத்துறைக்கு வர 4,200 மணித்தியாலத்துக்குக் குறையாத கல்வி வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2005இல் வழிகாட்டியது. சில கிழமைப் பயிற்சியோடு பலகை மாட்டுவோரை இதனால் இனங்காணலாம். நாற்பது தடவைக்கான பணத்தை முதல்நாளே கட்டச் சொல்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். சில தடவைகளிற் குணம் தெரியாவிடின் வழியை மாற்றுவதே முறை. சிகிச்சையின் பின் ஓரிரு நாள் உடம்பு உளைவது வழக்கம். கை காலில் வலுக்குறைவோ மரப்போ புதிதாகத் தோன்றினால் அது வழக்கமன்று.

இவையெல்லாம் மேனாட்டுக் கலைக்கு மட்டும் உரிய எச்சரிக்கைகள் என்று எண்ணவேண்டா. சுசுருத சங்கிதை எலும்பு முறிவைப் பன்னிரண்டாகவும் மூட்டு விலகலை ஆறாகவும் பகுக்கிறது. அதே நூல், அடிபட்டால் உயிருக்கு ஊறு செய்யும் மர்மங்கள் 107 என எண்ணிச் சொல்கிறது. சித்த மரபில் வர்மங்கள் 108. தொடவேண்டிய இடத்தை அறியுமுன் தொடக்கூடாத இடத்தை அறிக என்பதே இவ்வெண்ணிக்கையின் உட்பொருள். நம் நாட்டில் முறிவு நெரிவு பார்க்கும் தமிழ், சிங்களப் பரம்பரை வைத்தியர் பலர் உளர். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியரின் பதிவுக்கு வகைசெய்கிறது. அவர்களிடம் செல்வோரும் பதிவைக் கேட்கலாம். தம் கதையைச் சொல்லலாம். இங்கிலாந்தில் 1867ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பாஜெட் என்னும் புகழ்பெற்ற சத்திரவைத்தியர், எலும்பு கட்டுவோரிடமுள்ள நல்லதைக் கற்றுத் தீயதை விலக்குமாறு தம் துறையினருக்கு அறிவுறுத்தினார். இகழ்ச்சியும் வேண்டா, மயக்கமும் வேண்டா என்ற அந்த நடுநிலை இன்றும் நமக்குப் பொருந்தும்.

என் எலும்பு சில மாதங்களில் ஆறியது. எலும்புக்கு உரமூட்டும் மருந்தும், ஆஸ்பத்திரியிற் கற்பித்த பயிற்சிகளும் தொடர்கின்றன. கொட்டாஞ்சேனை நண்பர் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வருகிறார். இருவரும் கடலோரமாகச் சிறிது தூரம் நடக்கிறோம். அன்று அவரைக் கடிந்ததற்காக ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன்.

"முப்பத்திரண்டு வருடம் அந்தக் குறளைப் படிப்பித்தீர். நாலாவது ஆள் எதற்கென்று உமக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

கணிதம் படிப்பித்தவர். எண்ணிக்கை அவருக்குத் தவறவில்லை.