போய்ச் சேர்ந்தது கடிதமா, வெற்றுத்தாளா?
தொலைநகல் கருவியின் சிக்கல்களும் எளிய தீர்வுகளும்

மாலை நேரம். காசோலை இதழ் ஒன்று தொலைந்துபோனதை அலுவலகக் கணக்கர் கண்டறிகிறார். பணம் வழங்குவதை நிறுத்துமாறு கடிதம் எழுதி, உரியவரிடம் கையொப்பம் பெற்று, வங்கிக் கிளைக்குத் தொலைநகலில் அனுப்புகிறார். 'ஓகே' என்று அச்சிட்ட சீட்டு கருவியிலிருந்து வெளிவருகிறது. அவர் நிம்மதியுடன் வீடு திரும்புகிறார். கிளையிலோ எழுத்தே இல்லாத வெள்ளைத்தாள் ஒன்று வந்து கிடக்கிறது. கடிதத்தின் பின்புறத்தைக் கருவி படித்து அனுப்பிவிட்டது!

ஒரு பக்கம் மறுமுனையை அடைந்தது என்பதை மட்டுமே அந்தச் சீட்டு உறுதி செய்யும். அப்பக்கத்தில் என்ன இருந்தது என்பதைக் கருவி அறியாது. அதனை உறுதி செய்வது அனுப்பியவரின் பொறுப்பு.

முதற்சோதனை

எந்தக் கோளாறாயினும், பழுதுபார்ப்பவரை அழைக்குமுன் கருவியிலுள்ள 'காப்பி' பொத்தானை அழுத்தி ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். நகலிலும் குறை தெரிந்தால் பழுது நம் கருவியில் உள்ளது. நகல் தெளிவாக இருந்தால் தொலைபேசி இணைப்பையோ மறுமுனைக் கருவியையோ ஐயுறலாம்.

வெற்றுத்தாள் வந்தால்

அனுப்பும் தாளின் எழுத்துள்ள பக்கம் மேல்நோக்கி இருக்கவேண்டுமா, கீழ்நோக்கி இருக்கவேண்டுமா என்பதைத் தாள் செருகும் இடத்திலுள்ள சிறு படம் காட்டும். நமக்கு வரும் தாள்கள் வெறுமையாக இருந்தால், வெப்பத்தாள் சுருளைத் திருப்பிப் போட்டிருக்கலாம். அத்தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே வேதிப்பூச்சு உண்டு. நகத்தால் அழுத்திக் கீறினால் கறுக்கும் பக்கமே பூச்சுள்ள பக்கம். சாதாரணத் தாளில் அச்சிடும் கருவியாயின், மையோ டோனரோ தீர்ந்துவிட்டதா எனப் பாருங்கள்.

கோடுகள் விழுந்தால்

நாம் அனுப்பும் பக்கங்களில் நெடுக்காகக் கருங்கோடு விழுந்தால், தாளைப் படிக்கும் கண்ணாடியில் அழுக்கோ, எழுத்தை மறைக்கும் வெள்ளைத் திரவமோ ஒட்டியிருக்கலாம். மின்னிணைப்பைத் துண்டித்து, சற்றே ஈரமான மென்துணியால் துடைத்து, உலர்ந்தபின் இயக்குங்கள். தாளில் குத்திய ஊசிகளை நீக்கிவிட்டு, வெள்ளைத் திரவம் நன்கு காய்ந்த பின்னரே தாளைச் செருகுங்கள்.

இணைப்பு முறிந்தால்

ஒலிவாங்கியை எடுத்துக் கேளுங்கள். இரைச்சல் மிகுந்திருந்தால் தொலைபேசி நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். கிளைத் தொலைபேசிகளைக் கழற்றிவிட்டு, கருவியைச் சுவர் இணைப்பில் நேரடியாகப் பொருத்திப் பாருங்கள். 'கால் வெயிட்டிங்' வசதியின் இடையொலியும் பக்கத்தைப் பாதியில் முறிக்கக்கூடும். அதே இணைப்பில் அகன்ற அலைவரிசை இணையமும் இருந்தால், கருவிக்கு முன் வடிகட்டி பொருத்தவேண்டும். வெளியூர் எண்களுக்கு அடிக்கடி முறிந்தால், அனுப்பும் வேகத்தை விநாடிக்கு 14,400 பிட்டிலிருந்து 9,600 அல்லது 4,800 பிட்டாகக் குறைத்துப் பாருங்கள். நேரம் சற்றுக் கூடினாலும் பக்கம் முழுமையாகச் சேர வாய்ப்பு மிகும்.

நாளும் நேரமும்

மின்தடைக்குப்பின் சில கருவிகளின் கடிகாரம் மாறிவிடும். பக்கத்தின் தலைப்பில் தவறான நாள் அச்சாகும். இதனைச் சிறு குறையென்று எண்ணலாகாது. பணமின்றித் திரும்பிய காசோலை குறித்த வழக்கொன்றில், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி விடுக்கும் அறிவிப்பைத் தொலைநகலில் அனுப்பினாலும் செல்லும் என்று 1999ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் அஞ்சலில் கிடைத்த அறிவிப்பின் நாளை விடுத்து, தொலைநகல் சேர்ந்த நாளிலிருந்தே காலக்கெடுவைக் கணக்கிட்டதால், அவ்வழக்கின் புகார் காலங்கடந்ததாயிற்று. ஒரு நாளின் மதிப்பு அத்தகையது!

சான்று அழியாதிருக்க

வெப்பத்தாளின் எழுத்து வெயிலிலும் வெப்பத்திலும் நாளடைவில் மங்கிவிடும். சிலவகை பிளாஸ்டிக் உறைகளும் அதனை மங்கச் செய்யும். ஆகவே முக்கியமான தாள்களையும் அனுப்பிய சீட்டையும் அன்றே ஒளிநகல் எடுத்துக் கோப்பில் சேருங்கள்.

இறுதியாக, தொலைநகலில் வரும் அறிவுறுத்தல்களை ஏற்க வங்கிகள் பொதுவாகப் பொறுப்புறுதிக் கடிதம் ஒன்றை முன்கூட்டியே பெறுகின்றன. தங்கள் கணக்கிற்கு அக்கடிதம் தரப்பட்டுள்ளதா எனக் கிளையில் இன்றே கேட்டறியுங்கள். அவசரக் கடிதம் எதனை அனுப்பினாலும் உடனே கிளையைத் தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை பக்கங்கள் வந்தன? காசோலை எண்ணைப் படிக்க முடிகிறதா? கையொப்பம் தெளிவாக உள்ளதா? விடையளித்தவரின் பெயரையும் நேரத்தையும் சீட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள். அதன்பின் நிம்மதியாக வீடு திரும்பலாம்.